அடையும் தண்ணீரும்

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்குப் பொறையாறு பக்கம். மூன்று வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து ஜெபிப்பது சின்ன வயதுப் பழக்கம். இப்போதும் எழுந்து முழங்காலில் நிற்கிறேன். நான் சொல்வது எனக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்டதாகத் தோன்றவில்லை. மேட்டூர் திறந்தாச்சு என்று பேப்பரில் போடுவார்கள், எங்கள் கடைமடை வாய்க்கால் காய்ந்தே கிடக்கும். அப்படித்தான் இருக்கிறது. சாட்சி நேரத்தில் மற்றவர்கள் "ஆண்டவர் என்னோடு பேசினார்" என்கிறார்கள். ஜெபக்குழுவில் மூத்தவர் ஒருவரிடம் மனம்விட்டுச் சொன்னேன். மறைவான பாவம் ஏதாவது இருக்கும், அறிக்கை செய் என்றார். அதை யோசித்து யோசித்து இருந்த கொஞ்சத் தூக்கமும் போய்விட்டது. நான் என்ன செய்ய? பெயர் போட வேண்டாம்.

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

நானும் கடைமடைக்காரன்தான், தலைஞாயிறு பக்கம். ஜூன் 12 மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறவனைப் பார்த்து, "நீ என்ன தப்பு பண்ணினாய்?" என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. உங்களிடம் அப்படிக் கேட்டுவிட்டார்களே என்று எனக்கு வலிக்கிறது. பாவ அறிக்கை நல்லதுதான். மனசாட்சி இன்ன காரியம் என்று தொட்டுக் காட்டினால் உடனே செய்துவிடலாம். இல்லாத ஒன்றைத் தேடி இரவெல்லாம் உங்களை நீங்களே குடைந்துகொள்வது அறிக்கை ஆகாது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எலியா எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி! வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்டவர். அவரே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்புறம் படுத்துத் தூங்கிவிடுகிறார். தேவதூதன் வந்து என்ன செய்தான் பாருங்கள். ஏன் ஓடிவந்தாய், உன் விசுவாசம் எங்கே என்று ஒரு கேள்வி இல்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். ஓரேப் மலையில் ஆண்டவருடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் பிறகுதான், நாற்பது நாள் நடந்த பிறகு.

மூன்று வருடமாக அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்க்கிற உடம்பு உங்களுடையது. அது அசந்துபோயிருக்கிறது. ஒரு வாரம் நாலரைக்கு எழ வேண்டாம், தூங்குங்கள். அக்கம்பக்கத்தில் யாரையாவது ஒரு ராத்திரி அம்மாவோடு இருக்கச் சொல்லிக் கேளுங்கள். தூங்கியும் மனசு தேறவில்லை, உயிரோடு இருப்பதே பாரமாக இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் எலியாவைக் காட்டுங்கள்.

ஜெபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் முழங்கால் போட்டதும் ஒரு தனித் தமிழுக்கு மாறிவிடுகிறோம். கிருபையுள்ள பரலோகப் பிதாவே என்று தொடங்கினால் கடைசி ஆமென் வரை அந்தத் தமிழ்தான். அதில் "முடியலப்பா" என்று ஒரு வார்த்தைக்கு இடமே இல்லை. ஆனால் சங்கீதக்காரன், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று நேராகவே கேட்கிறான். அந்த 13ஆம் சங்கீதமாவது கடைசியில் பாட்டாக மாறிவிடுகிறது. 88ஆம் சங்கீதம் அப்படியும் இல்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு கூப்பிட்டது அவர் பேசிய பாஷையிலேயே மாற்கு சுவிசேஷத்தில் இருக்கிறது: "எலோயீ, எலோயீ", அதாவது என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, தரங்கம்பாடியில், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தபோது, அந்தக் கேள்வியும் அதில் சேர்ந்தே வந்தது. அவரே கேட்டதை நீங்கள் கேட்கக் கூடாதா? பொறையாற்றுத் தமிழிலேயே கேளுங்கள். "உடம்பு வலிக்குது ஆண்டவரே, நீங்க எங்கதான் இருக்கீங்க?" அவ்வளவுதான் ஜெபம். தூரமாகிவிட்டார் என்று அவரிடமே போய்ச் சொல்கிறோம் பாருங்கள், பேச்சு இன்னும் முறியவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போனபின் என்னால் பல மாதம் ஜெபிக்க முடியவில்லை. தோப்பில் தென்னை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. வீட்டில் கரண்ட் இல்லை. ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால் வாய் திறக்காது. எங்கள் அத்தை ஒருநாள், "நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன், நீ சும்மா உக்காந்திரு" என்றார். அரிக்கேன் விளக்கைத் தணித்து வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லி முடித்தார். மறுநாளும் சொன்னார். தை பிறந்து, பொங்கல் போய், தவக்காலம் வந்தும் அவர்தான் சொன்னார். எனக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, உட்கார்ந்திருந்தேன். எப்போது நானும் கூடச் சொல்ல ஆரம்பித்தேன் என்று எனக்கே நினைவில்லை.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே மாற்கு என்ன எழுதுகிறார்? இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று. படுத்திருந்தவன் வாய் திறந்ததாகவே இல்லை. இத்தனை நாளும் அம்மாவின் கட்டிலை நீங்கள் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கட்டிலைக் கொஞ்சம் நாங்கள் தூக்குகிறோம்.

அத்தை இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அந்தப் புள்ள பேரு என்ன?" என்றார். பேர் போடவில்லை என்றேன். "சரி, ஆண்டவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, இன்று ராத்திரியிலிருந்து ஜெபத்தில் பொறையாறு என்று ஊர்ப் பேரைச் சொல்லப்போகிறார். நாங்கள் எட்டரைக்கு உட்காருவோம். அந்த நேரம் நீங்கள் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, தூங்கிப்போயிருந்தாலும் சரி.