மீன் தொட்டிக் கிட் ஃபிஷ்பாலை அளக்குமா?

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. பாஸ்பேட்டைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் மீன் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் பாஸ்பேட் கிட் இருக்கிறது. கோலாவையும் ஃபிஷ்பாலையும் (மீன் உருண்டை) அதில் சோதிக்கலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கோலாவுக்குச் சரிவரும். அதிலிருக்கும் பாஸ்பாரிக் அமிலம் கிட்டிலுள்ள மாலிப்டேட் என்ற வேதிப்பொருளுடன் நேரடியாக வினைபுரிந்து நீலமாகும். ஆனால் அப்படியே ஊற்றினால் நிறம் கிட்டின் ஒப்பீட்டு நிற அட்டையையே தாண்டிவிடும். வாயு போகக் கலக்கி, 1 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 100 மி.லி. ஆக்குங்கள், கோலாவின் கருமையும் மங்கிவிடும். கிட் லிட்டருக்கு 5 மி.கி. காட்டினால், கோலாவில் லிட்டருக்கு 500 மி.கி. பாஸ்பேட். 3.07-ஆல் வகுத்தால் பாஸ்பரஸ் 163 மி.கி.; 330 மி.லி. டின்னில் சுமார் 54 மி.கி. சில கிட்கள் பாஸ்பரஸாகவே காட்டும், அப்போது வகுக்க வேண்டாம்; கையேட்டைப் பாருங்கள். சோதனைக் குழாயில் சோப்பு ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுவிடும்.

ஃபிஷ்பாலுக்கு வேண்டாம். அதில் சேர்ப்பது பெரும்பாலும் பாலிபாஸ்பேட், அதாவது சங்கிலியாகக் கோத்த பாஸ்பேட். அமிலத்தில் கொதிக்கவைத்து உடைத்தால்தான் நீலம் வரும். அரைத்த கரைசலில் புரதம் கலங்கலாக நின்று நிறத்தையும் மறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மீனிலேயே இயற்கையான பாஸ்பரஸ் உண்டு. இயற்கையானதும் சேர்த்ததும் கிட்டுக்கு ஒன்றுதான்.

ஆய்வகங்கள் மாதிரியை 550 டிகிரியில் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, மொத்த பாஸ்பரஸை அளக்கின்றன. பிறகு 1 கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 10 மி.கி. என்று இயற்கைப் பங்கைக் கழிக்கின்றன. ஆகவே கிடைப்பது மதிப்பீடுதான். அயனி குரோமட்டோகிராஃபி என்ற பிரித்தறியும் முறையால் பாலிபாஸ்பேட்டைத் தனியே பிரிக்கலாம். ஆனால் பச்சை மீனிலும் இறைச்சியிலும் உள்ள என்சைம்கள் சில மணி நேரத்தில் அதை உடைத்துவிடும். உறைநிலை கலைந்த மாதிரியில் “இல்லை” என்று வந்தால் நம்பாதீர்கள்.

கேள்வி: ஊட்டச்சத்து அட்டவணையில் பாஸ்பரஸ் என்ற வரியே இல்லையே?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: அந்த வரி கட்டாயமில்லை. அது இல்லாததால் பாஸ்பரஸும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சேர்மானப் பட்டியலில் பாஸ்பேட் சேர்க்கைகளைக் குறிக்கும் 338 முதல் 343 வரை, 450, 451, 452 ஆகிய எண்களைத் தேடுங்கள். பெயராக எழுதியிருந்தால் “பாஸ்பேட்” என்று முடியும்; 338 மட்டும் “பாஸ்பாரிக் அமிலம்” என்று இருக்கும். சீஸ் ஸ்லைஸ், லஞ்சன் மீட், நகெட்ஸ், உறைந்த இறால் ஆகியவற்றில் முதலில் பாருங்கள். த்ரீ-இன்-ஒன் காப்பியின் கிரீமரில் 340 அடிக்கடி வரும், பலர் கவனிப்பதில்லை. 1412, 1414, 1442 போன்ற மாவுப்பொருள்களில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, அதற்குப் பதற வேண்டாம்.

பருப்பிலுள்ள பாஸ்பரஸில் பாதிகூட உடலில் சேராமல் போகலாம். சேர்க்கைப் பொருளில் இருப்பதோ 90 விழுக்காடு வரை சேர்ந்துவிடும். பருப்பை நிறுத்தும் முன் இந்த எண்களை நிறுத்துங்கள், உணவியல் நிபுணரிடமும் லேபிளைக் காட்டுங்கள். இன்ஸ்டண்ட் நூடல்ஸை நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டினால் பாஸ்பேட்டில் ஒரு பகுதி நீரோடு போய்விடும்.