பக்கத்து வீட்டில் லொஃப்ட் எழும்புகிறது: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் பழைய வரிசை வீடொன்றில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரும் தமிழர்தான். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம். லொஃப்டில், அதாவது கூரைக்குள் இருக்கும் இடத்தில், இரண்டு அறை கட்டப் போகிறாராம். "கவுன்சிலின் பிளானிங் பெர்மிஷன் தேவையில்லை, எல்லாம் விசாரித்தாயிற்று" என்கிறார். போன கிழமை ஒரு கடிதத்தைத் தந்து கையெழுத்துக் கேட்டார். போட்டால் பிறகு வாயே திறக்க முடியாது என்று சொல்லி, என் கணவர் அதை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். எங்கள் படுக்கையறைச் சுவர்ப்பூச்சு ஏற்கெனவே பலமில்லை. சுவர் வெடித்தால் யாரிடம் போவது? கவுன்சிலுக்கு எழுதி வேலையை நிறுத்தலாமா?
— வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: சகோதரி, இன்றைக்கே அந்தக் கடிதத்தை வெளியே எடுத்துத் திகதியைப் பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது 1996ஆம் ஆண்டுப் பார்ட்டி வோல் சட்டப்படி வந்த நோட்டீஸ். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை வெட்டி அதில் இரும்பு பீம் ஏற்றுவதென்றால், வேலை தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் அவர் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதைத்தான் செய்திருக்கிறார். பதில் சொல்ல உங்களுக்கு 14 நாள்.

பேசாமல் இருந்தால் வேலை நின்றுவிடாது. 14 நாள் கழிந்தால் நீங்கள் சம்மதிக்கவில்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன்பின், பொதுச் சுவர் வேலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் சர்வேயரை நியமிக்கச் சொல்லி அவர் உங்களுக்கு எழுதலாம். அதற்கும் 10 நாள் பதில் இல்லையென்றால், உங்கள் சார்பில் ஒருவரை அவரே நியமிக்க முடியும். உங்கள் வீட்டைப் பார்க்க வரும் ஆளைத் தெரிவு செய்யும் உரிமையை லாச்சிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும், பிறகு சேதம் வந்தால் கேட்கும் உரிமை போய்விடாது. ஆனால் உங்கள் நிலைமையில் நான் வெறுமனே கையெழுத்துப் போட மாட்டேன். சம்மதமில்லை என்று எழுதி, சர்வேயர் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒருவரை வைக்கலாம், அல்லது ஆளுக்கொருவர். செலவை வழமையாக வேலை செய்விப்பவரே கொடுப்பார். சர்வேயர் முதலில் உங்கள் வீட்டுக்குள் வந்து, இப்போது இருக்கும் வெடிப்புகளைப் படத்தோடு பதிவு செய்வார். உங்கள் சுவர்ப்பூச்சுக்கு அந்தப் பதிவுதான் காவல். நாளைக்கு ஒரு கோடு விழுந்தால், பழையதா புதியதா என்று இரண்டு குடும்பமும் வேலியில் நின்று வாதாடத் தேவையில்லை. இது சண்டைக்குப் போவதல்ல. உறவு கெடக்கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

அடுத்தது பிளானிங். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஃபிளாட்டாகப் பிரிக்காத வீடு, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இல்லாத வீடு என்றால், இங்கிலாந்தில் விண்ணப்பமே இல்லாமல் லொஃப்ட் கட்ட இடமுண்டு. ஆனால் அளவுகள் இருக்கின்றன. வரிசை வீட்டுக்குக் கூரையில் கூடுவது 40 கன மீற்றருக்கு மேல் போகக்கூடாது. முன்னைய சொந்தக்காரர் கூரையில் ஏதாவது கட்டியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். கூரை உச்சிக்கு மேலே எழும்பக்கூடாது, தெருப்பக்கக் கூரைச் சரிவைத் தாண்டி டோர்மர் (சரிவிலிருந்து வெளியே நீட்டிக் கட்டும் ஜன்னல் பகுதி) வரக்கூடாது, பல்கனி கூடாது. பிளானிங் தேவையில்லை என்று கவுன்சில் எழுதித் தரும் சட்டபூர்வ அபிவிருத்திச் சான்றிதழ் எடுத்திருக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள். இந்த அளவுகளுக்குள் இருந்தால் கவுன்சிலுக்கு எழுதியும் நிறுத்த முடியாது.

பிளானிங் தேவையில்லை என்றதும் எல்லா விதியும் விலகிவிட்டது என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். பில்டிங் கன்ட்ரோல், அதாவது கட்டட விதிகளின்படி வேலை நடக்கிறதா என்ற சோதனை, எந்த லொஃப்ட் அறைக்கும் கட்டாயம். நான் அந்த வேலையில் இருந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சில பழைய வரிசை வீடுகளில் கூரைக்குள் பொதுச் சுவர் முழுதாக மேலே போவதில்லை. பாதியில் நிற்கும், செங்கல் விழுந்து ஓட்டையாக இருக்கும், சிலவற்றில் சுவரே இராது. இந்தப் பக்கம் டோர்ச் அடித்தால் அந்தப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி தெரியும். அங்கே ஆட்கள் படுக்கப் போகிறார்கள் என்றால், தீயும் சத்தமும் தாண்டாதபடி அந்தச் சுவர் அடைக்கப்பட வேண்டும். உங்கள் லொஃப்டுக்குள் ஏறிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் படமெடுத்துச் சர்வேயரிடம் காட்டுங்கள். இன்னொன்று புகைபோக்கி. அறையைப் பெரிதாக்க அதன் அடிப்பகுதியை உடைப்பார்கள். மேலே நிற்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான பாரம். அதைத் தாங்க என்ன வைக்கிறார்கள் என்பது எஞ்சினியரின் வரைபடத்தில் இருக்க வேண்டும். அந்த வரைபடத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

நோட்டீஸ் தராமலே சுவரை வெட்டத் தொடங்கினால், தடையுத்தரவு கேட்டு நீதிமன்றம் போகலாம். அந்த விஷயத்தில் கவுன்சில் தலையிடாது. உங்கள் பக்கத்துக்காரர் அப்படிச் செய்யவில்லை. அதனால் பதிலை எழுதி, ஒரு பிரதியைக் கையில் கொண்டுபோய், தேநீரோடு உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், சாரம் எங்கள் முற்றத்தில் நிற்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: போன வருடம் பக்கத்து வீட்டில் லொஃப்ட் கட்டி முடித்தார்கள். பக்கச் சுவரில் வைத்த ஜன்னலிலிருந்து எங்கள் குளியலறை நேராகத் தெரிகிறது. முடிந்த வேலையைப் பற்றி இனிக் கேட்கலாமா?
— வாசகர், ஹரோ

பதில்: கேட்கலாம். விண்ணப்பமில்லாமல் கட்டிய லொஃப்ட் என்றால் பக்க ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட வேண்டும். அறைத் தரையிலிருந்து 1.7 மீற்றருக்குக் கீழே எந்தப் பகுதியும் திறக்கக்கூடாது. முதலில் அவர்களிடமே சொல்லுங்கள், கண்ணாடி மாற்றுவது பெரிய வேலையல்ல. அவர்கள் கேட்காவிட்டால் கவுன்சிலின் பிளானிங் அமலாக்கப் பிரிவுக்குப் படத்தோடு எழுதுங்கள். அனுமதி எடுத்துக் கட்டியிருந்தால், கவுன்சில் இணையத்தளத்தில் அந்த அனுமதியின் நிபந்தனைகளைப் பாருங்கள். ஜன்னலைப் பற்றி அதில் தனியாக எழுதியிருக்கலாம்.