கண்ணைக் குறிவைத்தால் காதில் விழுகிறதே!

கேள்வி: என்னிடம் எம் மவுன்ட் (லைக்கா லென்ஸ்கள் பொருந்தும் வகை) ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமரா இருக்கிறது. பழைய சோவியத் ஜூபிட்டர்-3 லென்ஸ் (50 மி.மீ., எஃப்/1.5) ஒன்றை வாங்கி அடாப்டர் போட்டு மாட்டியிருக்கிறேன். கிட்டத்தில் முகத்தை எடுத்தால் கண் மங்கலாகவும் காது தெளிவாகவும் விழுகிறது. லென்ஸுக்குள் லேசான மூட்டமும் தெரிகிறது. விற்றவரைக் கேட்டால், "பழைய லென்ஸின் குணமே அதுதான், மூட்டம்தான் படத்துக்கு மென்மை தருகிறது" என்கிறார். வைத்துக்கொள்ளவா, திருப்பிக் கொடுக்கவா?

பதில்: திருப்பிக் கொடுக்கும் கெடு இன்னும் முடியவில்லை என்றால், மூட்டத்துக்காகத் திருப்பிக் கொடுங்கள். காதுக்காக வேண்டாம், அது சரிசெய்யக்கூடியது.

'குணம்' என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கீறினால் குணம், பூஞ்சை பிடித்தால் குணம், ஃபோகஸ் தவறினால் அதுவும் குணம். ஆனால் இந்த லென்ஸுக்கு உண்மையான குணம் ஒன்று உண்டு. அது தெரிந்தால்தான் போலியை அடையாளம் காண முடியும்.

ஜூபிட்டர்-3, ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்துக்காக லுட்விக் பெர்டெலே வடிவமைத்த சோனார் லென்ஸின் வாரிசு. 1932-இல் கான்டாக்ஸ் கேமராவோடு சோனார் வந்தபோது எதிரொளிப்பைக் குறைக்கக் கண்ணாடிக்குக் கோட்டிங் பூசும் வழக்கம் கிடையாது. காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடி முகமும் நான்கைந்து சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். அந்த ஒளி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். பெர்டெலே ஏழு கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டிவிட்டார். காற்றைத் தொடுபவை ஆறு முகங்கள் மட்டும். அதே காலத்து லைக்கா சும்மார் லென்ஸில் எட்டு. அதனால்தான் கோட்டிங் இல்லாத சோனாரிலும் கறுப்பு கறுப்பாகவே விழுந்தது.

அதற்கு விலையும் கொடுத்தார். முழுத் திறப்பில் (எஃப்/1.5-இல்), கண்ணாடியின் ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அதனால் வெளிச்சப் புள்ளிகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் படரும். நடுப்பகுதி தெளிவாக இருக்கும், மூலைகள் கரையும். எஃப்/5.6-க்குச் சுருக்குங்கள், அத்தனையும் போய்விடும். ஒரே குழலுக்குள் இரண்டு லென்ஸ்கள் இருப்பது போலத்தான். மக்கள் இதைத் தேடி வாங்குவதன் காரணம் இதுதான்.

இப்போது மூட்டத்துக்கு வருவோம். எஃப்/5.6-இல் சன்னல் வெளிச்சத்துக்கு எதிராக ஒரு படம் எடுங்கள். ஒளிவட்டம் போன பிறகும் நிழல்கள் சாம்பல் நிறத்தில் வெளிறிக் கிடந்தால் அது மூட்டத்தின் வேலை. குணம் துளையைச் சுருக்கினால் போகும். மூட்டம் போகாது.

மூட்டத்தைத் துடைத்துவிடலாம் என்பார்கள். கண்ணாடியை அரித்திருந்தால் எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது. பழைய கேனன் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்களில் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி இப்படித்தான் கெடுகிறது. ஆகவே வாங்குமுன் பின்பக்கமிருந்து செல்பேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து எடுத்த படம் கேளுங்கள். வெள்ளைத் துணிமேல் அழகாக வைத்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது. 'எக்ஸலன்ட்' என்று எழுதிப் பக்கத்தில் ஐந்து கூட்டல் குறி போட்டிருப்பதற்கும் ஒரு பொருளும் இல்லை. 'சோதித்தது' என்றால் பெரும்பாலும் வளையம் சுற்றுகிறது என்று பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். விற்பனைத் தளங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. லென்ஸ் செய்த ஆலைகளும் பெரும்பாலும் பழையதைத் தொடுவதில்லை. நடுவில் மாட்டிக்கொள்வது உங்களைப் போன்றவர்கள்தான்.

என் மேசைக்கு ஒரு ஜூபிட்டர்-3 வந்தது. முன்வளையத்தில் ஓர் எண், பின்தொகுதியின் உலோகக் கூட்டில் ஊசியால் கீறிய எண் வேறு. யாரோ இரண்டு லென்ஸ்களைக் கழற்றி ஒன்றாக்கி விற்றிருக்கிறார்கள். 'லைட்ஸ் எல்மார்' (லைக்காவின் பழைய லென்ஸ்) என்று பெயர் வெட்டிய சோவியத் லென்ஸ்களும் இப்படித்தான் உலவுகின்றன. அசல் எல்மாரில் அபர்ச்சர் தகடுகள் முதல் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருக்கும். போலியில் இரண்டாவது கண்ணாடிக்கும் பின்னால் இருக்கும்.

சரி, காது. உங்கள் கண்ணிலோ கையிலோ குறையில்லை. வேறொரு 50 மி.மீ. லென்ஸை இரவல் வாங்கி அதே கேமராவில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதிலும் காதில் விழுந்தால் கோளாறு கேமராவில். அதில் கண்ணில் விழுந்தால் காரணம் இதுதான்: லைக்கா வழிக் கேமராக்களின் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தூரத்தைத் தனியே அளந்து ஃபோகஸ் காட்டும் அமைப்பு, 51.6 மி.மீ. லென்ஸுக்காகச் செய்யப்பட்டது. கான்டாக்ஸ் வழிவந்த ஜூபிட்டரின் குவியத் தூரம் அதைவிடச் சற்று நீளம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் குவியம் இரண்டு மூன்று செ.மீ. பின்னால் தள்ளிப்போகிறது. எஃப்/1.5-இல் அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழமே முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 3.5 செ.மீ.தான். அதனால் கண் அந்த ஆழத்துக்கு வெளியே போய்விடுகிறது.

தீர்வு ஒரு ஷிம், அதாவது லென்ஸ் தொகுதிக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளையம். அது சுமார் 0.1 மி.மீ. தடித்தால் போதும். அலுவலகத் தாள் ஒன்றின் தடிமன். அப்படிச் செய்தால் எஃப்/1.5-இல் வெகுதூரம் சற்று மங்கும். எஃப்/4-இல் அது தெரியாது. இன்னொன்று: சோனார் வகையில் துளையைச் சுருக்கச் சுருக்க ஃபோகஸ் பின்னால் நகரும். அதனால் கிட்டத்தில் எஃப்/2.8 வேண்டாம். ஒன்று முழுத் திறப்பு, இல்லையேல் எஃப்/5.6. அடாப்டரை மாற்றச் சொல்பவரை நம்பாதீர்கள். அடாப்டர் தடித்திருந்தால் லென்ஸும் ரேஞ்ச்ஃபைண்டரைத் தொடும் வளையமும் சேர்ந்தேதான் நகரும்.

ஒரே ஒரு விலக்கு: இதே லென்ஸை மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் போட்டால் காதைப் பற்றிச் சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை, சென்சாரில் விழுவதையே பார்த்து ஃபோகஸ் செய்கிறீர்கள். 51.6 ஆனால் என்ன, 52 ஆனால் என்ன? ஷிம் தொலைந்த லென்ஸ்கூட அங்கே ஒழுங்காக நடந்துகொள்ளும். வினையே அதில்தான். விற்பவர் மிரர்லெஸ்ஸில் எடுத்த அருமையான மாதிரிப் படத்தைக் காட்டுவார், படம் பொய்யில்லை, ஆனால் உங்கள் கேமராவில் அது வராது. ஆகவே மாதிரிப் படம் கேட்டால் எந்தக் கேமராவில் எடுத்தது என்றும் கேளுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில், ஒரு மீட்டரில், எஃப்/1.5-இல் எடுத்தது என்றால்தான் கணக்கு.

மூட்டமில்லாத ஒன்று கிடைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது, "1 மீட்டரில், எஃப்/1.5-இல் சரிசெய்யவும்" என்று சீட்டு எழுதி லென்ஸ் மூடியில் ஒட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னால் பழக்கதோஷத்தில் முடிவிலிக்கு (வெகுதூரத்துக்கு) சரிசெய்து திருப்பித் தருவார்கள், மறுபடியும் காதுதான் விழும்.