ஏழாயிரம் மரம் நட்டதைக் கலை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஜெர்மன் கலைஞர் ஜோசஃப் பாய்ஸ் பற்றிய கேள்வி இது. "நல்ல காரியம்தான், ஆனால் அதில் கலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். என்னைக் கேட்டால், மரங்களைவிடக் கற்களில்தான் அந்தக் கலை இருக்கிறது.

1982-ல் ஜெர்மனியின் காசெல் நகரில் டொக்குமென்டா என்ற நவீன கலைக் கண்காட்சி நடந்தது. அதற்காக பாய்ஸ் 7000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் கொண்டுவந்து அருங்காட்சியகத்தின் முன்னால் குவித்துவிட்டார். நிபந்தனை ஒன்றுதான். ஊருக்குள் எங்காவது ஒரு மரம் நட்டால், அதன் பக்கத்தில் ஊன்றுவதற்கு ஒரு கல்லை எடுக்கலாம். வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. ஒரு மரத்துக்கும் கல்லுக்கும் சேர்த்து 500 மார்க் நன்கொடை. வேலை நடந்தால் குவியல் குறையும், நடக்காவிட்டால் நகரத்தின் நடுவே கிடந்து மானத்தை வாங்கும். திட்டியவர்களும் நிறைய. 1986-ல் அவர் இறந்துபோனார், மறு ஆண்டு கடைசி மரத்தை மகன் நட்டு முடித்தார்.

நம் ஊர் மரநடுகையை நினைத்துப் பாருங்கள். சுற்றாடல் தினத்தன்று பேனர், பிரதம அதிதி, கன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. அப்புறம் அதை ஆடு தின்றதா, வெயிலில் கருகியதா என்று கேட்க நாதியில்லை. பாய்ஸ் செய்ததில் பாக்கிக் கணக்கு எல்லார் கண்ணிலும் பட்டது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம்.

அரசியலும் அவருக்குப் புதிதல்ல. 1971-ல் டுசெல்டோர்ஃபில் டென்னிஸ் மைதானத்துக்காகக் காட்டை வெட்டப் பார்த்தபோது, மாணவர்களோடு விளக்குமாறு எடுத்துப் போய்க் காட்டைக் கூட்டினார். 1979-ல் பசுமைக் கட்சிக்காரர்களோடு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். அதற்காக அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்பத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரில் தன் விமானம் விழுந்தபோது தாத்தார் இன மக்கள் கொழுப்பும் கம்பளியும் சுற்றிக் காப்பாற்றியதாக அவர் சொன்னது கட்டுக்கதை என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சரி, இதில் மலையகத்துக்கு என்ன? இங்கே ஒரு மரத்தைப் பற்றிப் பேசினாலே காணியைப் பற்றிப் பேச வேண்டிவரும். காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள், 1869-ல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்தவர்களுக்கு லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் ஒரு பேரிக்காய் மரம் வைக்கலாம், ஆனால் அது நிற்கும் மண் அவர்களுடையதல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். வேறு காணி இல்லாதவர்கள் எங்கே போய் வீடு கட்டுவார்கள்? அதைச் சுற்றுச்சூழல் என்று ஒரு பெட்டியிலும் அரசியல் என்று இன்னொரு பெட்டியிலும் எப்படிப் போடுவது?

கலையோடு இறங்கிய ஆட்கள் நம்மிடமும் இருந்தார்கள். மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் படும்பாட்டைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் தானே பாடினார், 1940-ல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். அவரைப் பற்றி எங்கள் பாடசாலையில் ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லை. 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த மலையக மக்களின் நடைபயணத்தையும் நான் இந்த வகையில்தான் சேர்ப்பேன். தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த முன்னோர் நடந்த வழியை மறுபடி காலால் வரைந்து காட்டுவது, அதை வேறு எப்படிச் சொல்ல?

எனக்கு ஓர் ஆசை உண்டு. காணி உறுதி (நிலப் பத்திரம்) கிடைக்காத ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கல் என்று ஹட்டன் பஸ் நிலையத்தருகே குவிக்க வேண்டும். உறுதி கைக்கு வந்த பிறகுதான் அந்தக் குடும்பத்தின் கல்லை எடுக்கலாம். முதல் நாளே லொறியில் அள்ளிப் போய்விடுவார்கள் என்று நண்பன் சிரிக்கிறான். அள்ளட்டும். அத்தனை கல்லையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று பார்க்கலாம்.