சாகசத்துக்கு எந்த ஊர்ப் பெயர் வைப்பது?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்காக (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டுகள்) ஒரு காலாண்டு மின்னிதழ் நடத்துகிறோம். இதழுக்கு மூன்று சாகசங்கள். நாங்களே உருவாக்கிய உலகத்தில் நடக்கும் சாகசத்தைப் போட்டால் “எங்கள் கேம்பெயினில் (பல அமர்வுகளாகத் தொடரும் எங்கள் ஆட்டத்தில்) நுழைக்க முடியவில்லை” என்கிறார்கள் வாசகர்கள். எந்த உலகத்துக்கும் பொருந்தட்டும் என்று பொதுவாக எழுதினால் “உப்புச் சப்பில்லை” என்கிறார்கள். எதை எவ்வளவு போடுவது?

பதில்: விகிதத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், ‘பொது’ என்றால் பெயரும் முகமும் இல்லாமல் எழுதுவது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்கள் தலைவலிக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

‘டன்ஜன்ஸ் & டிராகன்ஸ்’ விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979-இல் அதற்காக எழுதிய ‘கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ சாகசத் தொகுப்பில் கோட்டைத் தலைவருக்குக்கூடப் பெயர் கிடையாது, பதவி மட்டும்தான். பெயர்களை ஆட்டம் நடத்துபவரே வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக ஆட்டம் நடத்தக் கற்பவருக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் இதழ் வாங்குகிறவர், எழுத நேரமில்லை என்றுதானே வாங்குகிறார்? அவரிடமே காலி இடங்களைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

நேர் எதிரான உதாரணம், அதே விளையாட்டுக்கான சாகசங்களை வெளியிட்ட ‘டன்ஜன்’ இதழில் 2003, 2004-இல் வந்த ‘ஷாக்கிள்டு சிட்டி’ தொடர். அது நடக்கும் கால்ட்ரன் நகரம், அடங்கிப்போன எரிமலையின் வாய்க்குள், சரிவைச் சுற்றி வளைய வளையமாகக் கட்டப்பட்டது. நடுவில் ஏரி. அப்படியொரு ஊரை யாரும் மறக்க மாட்டார்கள். ஆனாலும் வரைபடத்தில் ஒரு மலை இருந்தால் போதும், எந்த உலகத்திலும் கொண்டுபோய் வைத்துவிடலாம். ஊருக்குள்ளே எல்லாம் நுணுக்கமாக இருக்கிறது. வெளியுலகத்தோடு அதைக் கட்டும் கயிறுகள்தான் குறைவு. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அதே இதழின் அடுத்த தொடரான ‘ஏஜ் ஆஃப் வோர்ம்ஸ்’ வேறொரு தந்திரம் செய்தது. அதன் வேர் அதே விளையாட்டின் கிரேஹாக் என்ற உலகத்தில். ஆனால் அச்சில் கிரேஹாக் நகரம் வெறும் ‘சுதந்திர நகரம்’. கிரேஹாக்கின் புகழ்பெற்ற மந்திரவாதி டென்சர், மான்சோரியன் என்ற பெயரில் வந்தார். பழைய ரசிகர்களுக்கு ஆள் யாரென்று புரியும். மற்றவர்களுக்கு அவர் இன்னொரு மந்திரவாதி, அவ்வளவுதான். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், எபரான் என்ற அந்த விளையாட்டின் வேறு உலகங்களுக்கு மாற்றிக்கொள்ளும் குறிப்புகளைத் தனியாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள்.

சரி, பெயரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. டார்க் சன் என்ற இன்னொரு உலகத்தில் உலோகம் அபூர்வம், தெய்வங்களும் கிடையாது. இரும்புக் கதவு, பொற்காசுக் குவியல், கோயில் பூசாரியின் ஆசி என்று வரும் சாகசத்தை அங்கே என்ன செய்வது? இன்னும் நுட்பமான சிக்கலும் உண்டு. ஒரு கொலைக் கதையில், பூசாரி திடீரென்று மந்திர சக்தியை இழந்ததுதான் அவரே குற்றவாளி என்பதற்குத் துப்பு என்று வையுங்கள். எபரானில் அந்தத் துப்பு செல்லாது. அங்கே பூசாரி கெட்டுப்போனாலும் மந்திரம் அவரை விட்டுப் போக வேண்டியதில்லை.

அதனால் கைப்பிரதி வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். உலகத்துப் பெயர்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் கதையைப் படியுங்கள். கதை நிற்கிறதா? அப்படியானால் அது எங்கும் போகும்; பெயர்களைத் திரும்பப் போட்டே அச்சிடுங்கள். விழுந்துவிடுகிறதா? அது உங்கள் உலகத்துக்கே உரியது. மழுப்பாமல் அப்படியே சொல்லிப் போடுங்கள். தொல்லை தருபவை நடுவில் இருப்பவை: கதை நிற்கும், ஆனால் நடத்துபவர் மூன்று பக்க வரலாறு படித்தால்தான் ஆட்டத்தைத் தொடங்க முடியும். (எழுதுகிறவர்களுக்கு அந்த மூன்று பக்கம்தான் ரொம்பப் பிடிக்கும். வெட்டும்போது சண்டை வரும், தயாராக இருங்கள்.) அதை அரைப் பக்கமாக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு சாகசத்தோடும் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். எந்த மாதிரி நிலப்பரப்பு வேண்டும், பக்கத்து ஊர் எத்தனை நாள் பயணம், அதிகாரம் யார் கையில், எந்தத் தெய்வத்தை மாற்றினால் எது உடையும் என்று அதில் இருந்தால் போதும்.

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் போன்ற உலகங்களைத் தொடுவதாக இருந்தால் உரிமையைப் பாருங்கள். 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) வெளியானது டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதித் தொகுப்புதான், அந்த உலகங்கள் அல்ல. 2016-இல் தொடங்கிய டிஎம்ஸ் கில்ட் என்ற இணைய விற்பனைத் தளத்தில், அங்கே அனுமதிக்கப்பட்ட உலகங்களுக்கு எழுதி விற்கலாம். ஆனால் அந்தத் தளத்தில் மட்டும்தான்.

இனி விகிதம். இதழுக்கு ஒன்று உங்கள் உலகத்துக்கே உரியது, இரண்டு எங்கும் போகக்கூடியவை. தொடர் நடத்தினால் உங்கள் உலகத்துக்கான அந்த ஒரு இடத்தில் நடத்துங்கள்; ஒவ்வொரு பகுதியையும் தனியாகவும் ஆட முடிய வேண்டும். ‘டன்ஜன்’ பிற்காலத்தில், பாத்திரங்களின் திறன் வளர்ந்திருக்கும் அளவைப் பொறுத்து, தொடக்க நிலைக்கு, நடு நிலைக்கு, உயர் நிலைக்கு என்று இதழுக்கு மூன்று சாகசம் போட்டது. நீங்களும் அப்படிப் பிரித்தால், உங்கள் உலகச் சாகசம் எப்போதும் உயர் நிலையிலேயே வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நிலை ஆட்டக்காரர்களோடு தொடங்கும் குழு, அடுத்த கேம்பெயினையே உங்கள் உலகத்தில் வைத்துக்கொள்ளலாம். பத்தாம் நிலைக்கு வந்துவிட்ட குழு ஊர் மாறி வருவது கஷ்டம்.