கிளிநொச்சியிலிருந்து அம்மாவைக் கனடாவுக்கு அழைக்க எந்த விசா பொருத்தமானது?

கிளிநொச்சியில் வாழும் தாயாரைக் கனடாவுக்கு அழைக்கச் சாதாரண வருகை விசாவா, பெற்றோர், பாட்டன் பாட்டிமார் நீண்டகாலம் தங்குவதற்கான சுப்பர் விசாவா என்று கேட்டிருக்கிறீர்கள். பேரப்பிள்ளையின் பிறப்பையொட்டிச் சில மாதங்கள் மட்டும் என்றால் முதலாவதே போதும். அதில் வழக்கமாக 6 மாதங்கள் தங்கலாம். சுப்பர் விசாவில் ஒரு வருகைக்கு 5 ஆண்டுகள் வரை தங்கலாம் என்றாலும், அழைக்கும் பிள்ளை கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவராக இருந்து, குடும்ப அளவுக்கேற்ற குறைந்தபட்ச வருமானத்தைக் காட்டுவதோடு, தாயாருக்குக் குறைந்தது 100,000 கனடிய டொலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்புறுதியும் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம்.

வன்னியில் சிக்கல் பெரும்பாலும் ஆவணங்களில்தான். உறவை நிரூபிப்பது தாயாரின் பெயர் பதிந்த உங்களுடைய பிறப்புச் சான்றிதழே. அது 2009 இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்து, அதிலுள்ள பெயர் தாயாரின் கடவுச்சீட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொள்ளுங்கள்.

தாயார் ஊர் திரும்புவார் என்பதற்குக் காணி உத்தரவுப்பத்திரம், ஓய்வூதியப் பதிவு, ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகளின் விபரம் ஆகியவற்றை இணைக்கலாம். நீண்ட உருக்கமான கடிதத்தைவிட இவை கூடுதலாக உதவும் என்பது என் கருத்து. தாயார் 79 வயதைக் கடந்தவரானால், கைரேகை கொடுப்பதற்காக அலையவேண்டியதில்லை.