ஏறுதா, இறங்குதா, எவ்வளவு வேகம்? வகைக்கெழு கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி, அம்பாசமுத்திரம்): அண்ணாச்சி, ஒரு புள்ளியில மாறுவீதம்னு சொல்லுதாங்க. ஒரே புள்ளியில எப்படி மாற முடியும்?

பதில்: இதைக் கேக்காமலே பலர் பாடத்தைத் தாண்டிருதாங்க தங்கச்சி. பாபநாசம் அணையையே எடுத்துக்கோ. முழு உயரம் 143 அடி. மழைக்காலத்துல ‘நா’ நாள் கழிச்சு நீர்மட்டம் 100 + 6நா − நா²/2 அடின்னு வச்சுக்குவோம். 2-ஆம் நாள் 110, 3-ஆம் நாள் 113.5. சராசரியா நாளுக்கு 3.5 அடி. இடைவெளியைக் குறைச்சுப் பாரு: 2-லிருந்து 2.1 வரைக்கும் வீதம் 3.95, 2.01 வரைக்கும் 3.995. சுருங்கச் சுருங்க 4-ஐ நெருங்குது. அந்த எல்லைதான் 2-ஆம் நாளின் வகைக்கெழு. வரைபடத்துல பாத்தா, அந்த இடத்துல வளைவரையோட சாய்வு. வகையிட்டா 6 − நா. 2-ஐப் போடு, அதே 4.

கேள்வி (ஆலங்குளம்): 8-ஆம் நாள் 116 அடி இருக்கே. அப்போ சாய்வும் கூடத்தானே?

பதில்: இங்கதான் மார்க் போகுது தம்பி. 6 − 8 = −2. மட்டம் உசரத்துல நிக்கி, ஆனா நாளுக்கு 2 அடி வீதம் இறங்குது. எவ்வளவு தண்ணி கிடக்குங்கிறது ஒண்ணு, அது எப்படி மாறுதுங்கிறது வேற. வேகமா ஏறுற இடத்தைக் கேட்டா வளைவரையோட உச்சியைத் தேடாத. தொடுகோடு, அதாவது அந்தப் புள்ளியில வளைவரையை ஒட்டிப் போற நேர்கோடு, எங்க நல்லா நிமிருதுன்னு பாரு.

கேள்வி: சாய்வு −7, 4. எது வேகம்?

பதில்: −7. குறி திசைக்கு, எண் வேகத்துக்கு.

கேள்வி (பாளையங்கோட்டை): வரைபடத்தைக் கண்ணால பாத்தே சொல்லலாமா?

பதில்: அளவுத்திட்டத்தைப் பாக்காம சொல்லக்கூடாது. நிலைக்குத்து அச்சை இழுத்து வரைஞ்சா மந்தமான ஏத்தமும் செங்குத்தாத் தெரியும். ஸ்கேலைத் தொடுகோடா வச்சு, அதுல தள்ளித்தள்ளி ரெண்டு புள்ளி எடுத்து, ஏத்தத்தைக் கிடைத்தூரத்தால வகுத்துப் பாருங்க.

கேள்வி (விவசாயி, சேரன்மகாதேவி): எங்க கையில சூத்திரம் ஏது? தினசரி மட்டம்தான் தெரியும்.

பதில்: அதுவே போதும் ஐயா. இன்னைக்கு 2-ஆம் நாள்னா, முந்தின நாளையும் மறுநாளையும் எடுங்க. 1-ஆம் நாள் 105.5, 3-ஆம் நாள் 113.5. வித்தியாசம் 8, ரெண்டு நாளுக்கு வகுத்தா 4. இன்னைக்கும் நாளைக்கும் மட்டும் பாத்தா 3.5-தான் வரும். அதனால ரெண்டு பக்கமும் பாக்குறதுதான் பொதுவா நெருக்கமான விடை தரும்.

கேள்வி: சாய்வு பூச்சியம்னா உச்சம்தானே?

பதில்: அணைக் கணக்குல ஆமா, 6-ஆம் நாள் 118 அடி. ஆனா நா³-க்கு பூச்சியத்துல சாய்வு பூச்சியம். ரெண்டு பக்கமும் ஏறிக்கிட்டேதான் இருக்கு. முன்னாலயும் பின்னாலயும் குறி மாறுதான்னு பாத்துட்டு எழுதுங்க.